முதல் வகுப்புக் கடனாளி

மேட்டுப்பதி ஆறுமுகசாமிக்குக் கடன் இருந்தது. இதில் செய்தி ஒன்றுமில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே நாலு ஏக்கர் நிலமும் அரைக் கிணறு தண்ணீரும் வைத்துக்கொண்டு நிலக்கடலை போடுகிறவர்களில் கடன் இல்லாதவர் யார்? எல்லார் வீட்டிலும் அது இருந்தது. உள்வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப்போல, வந்தவர்களிடம் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை; வந்தவர்களும் கேட்பதில்லை. எழுபத்தேழாம் வருஷம் சர்க்கார் ஒரு சட்டம் போட்டு அந்த நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வாசலில் கொண்டுவந்து வைத்தது.

ஆறுமுகசாமியின் கடன் இரண்டு. ஒன்று, ஆயில் எஞ்சின் வாங்குவதற்குக் கூட்டுறவுச் சொசைட்டியில் எடுத்தது. எஞ்சின் வந்தது, மூன்று வருஷமாக மழை வரவில்லை. கிணற்றில் இறைக்கத் தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறியது.

இன்னொன்று செல்லாத்தாளிடம் வாங்கியது. செல்லாத்தாள் மூன்று வீடு தள்ளி இருக்கிற விதவை. எருமைப் பாலைக் கறந்து டீக்கடைகளுக்கு ஊற்றிப் பிழைப்பவள். இரண்டு வருஷம் முன்பு ஆறுமுகசாமியின் மகள் கமலாத்தாள் பிரசவத்தில் மாட்டிக்கொண்டு, உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் கைவிரித்த அன்று, அவர் டாக்ஸிக்குக் காசில்லாமல் வீதியில் நின்றார். செல்லாத்தாள் இரண்டு எருமைகளை விற்று வைத்திருந்த எண்ணூறு ரூபாயைத் துணியில் முடிந்தது முடிந்தபடியே கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் ஆறுமுகசாமி தாமாகவே வள்ளப்படியால் அளந்து இரண்டு வள்ளம் கடலையைக் கொண்டுபோய் அவள் முறத்தில் கொட்டிவிட்டு வருவார். அவள், "எதுக்குத் தம்பி?" என்பாள். அவர், "இருக்கட்டுங்க்கா" என்பார். அதற்கு மேல் அந்தப் பணத்தைப் பற்றி அவர்கள் பேசியதில்லை.

சொசைட்டியிலிருந்து ஜப்தி நோட்டீஸ் வந்தபோது ஆறுமுகசாமி கடலைக் காட்டில் இருந்தார். பியூன் அதைக் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்த அவர், பெண்டாட்டி பழனாத்தாள் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அதைக் கிழித்தார். பாதிதான் கையோடு வந்தது. 'கண்டுகட்டப்படும்' என்று ஜப்திக்கு மலையாளத்தில் வழங்கும் சொல் மட்டும் கதவிலேயே தங்கிவிட்டது. அதன்மேல் சாணியைப் பூசி மறைத்தார். கதவுக்குச் சாணி பூசியிருப்பதைப் பார்த்துத்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் டீக்கடை ரேடியோவில் சட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஏழைக் குடும்பங்களின் கடன் எல்லாம் ரத்து. தாலுக்காவுக்கு ஒரு கடன் நிவாரணத் தனி ஆபீஸ். ஆறுமுகசாமி யாரிடமும் சொல்லாமல், உரம் வாங்கப் போகிறவர்போல ஒரு கோணிச்சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வரிசை படிக்கட்டு வழியாக இறங்கி ரோட்டுக்கு வந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டடத்துக்காரர் ஒருவர் மட்டும், வாடகை வந்து ஐந்து மாதம் ஆயிற்று என்று கீழேயிருந்து மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது.

ஆறுமுகசாமியின் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அச்சுதன் என்ற கிளார்க், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர், ஃபாரத்தை எடுத்து வைத்தார்.

"எத்தனை கடன்?"

"சொசைட்டியில ஒண்ணுங்க. நோட்டீஸ் ஒட்டிப்போட்டாங்க. அதுக்குத்தான் வந்தனுங்க."

"அது கடன் இல்லை."

ஆறுமுகசாமிக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்துவிட்டது. "இல்லீங்களா?"

"ரெண்டாம் பிரிவு பாருங்கோ. சர்க்காருக்கு, பேங்குக்கு, சொசைட்டிக்குக் கொடுக்க உள்ளது ஒண்ணும் கடன் இல்லை. அது பாக்கி. இங்கே கடன் மாத்திரம்தான் எடுக்கும். பாக்கி எடுக்காது." அச்சுதன் கீழே கேட்ட சத்தத்தின் பக்கம் தலையை ஆட்டினார். "அந்த ஆள் கத்துறாரே, அதுவும் பாக்கிதான். சொன்னா மனசிலாகாது. வேற கடன் ஏதும் உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, எஞ்சின் மட்டும் போயிருக்கும். ஆனால் ஆறுமுகசாமி வாழ்நாளில் சர்க்கார் ஆபீசில் பொய் சொன்னதில்லை. அதற்கு வேண்டிய தைரியம் அவரிடம் இல்லை.

"எங்கூர்ல செல்லாத்தாக்கான்னு ஒருத்தருங்க. அவியளுக்கு எண்ணூறு ரூவா குடுக்கோணும். அது வந்துங்க, கடன்னு சொல்றதுக்கில்லீங்க..."

அச்சுதன் அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். "அதுதான் கடன். வட்டி எத்தனை?"

"வட்டியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெள்ளாமைக்கு ரெண்டு வள்ளம் கடலை நானாப் போய்க் குடுப்பனுங்க."

அச்சுதன் எழுந்து உள்ளே போனார். ஸ்பெஷல் ஆபீசர் நேரிலேயே வெளியே வந்தார். நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆறுமுகசாமியின் தோளில் கை வைத்தார்.

"வட்டியைத் தானியமாக வாங்குவது ஜமீன்தார் காலத்துக் கொடுமை. புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "பயப்படாதீர்கள். ஒப்பு போடுங்கள்."

ஆறுமுகசாமி கையெழுத்துப் போட்டார். தோளில் ஒரு ஆபீசர் கை வைத்திருக்கும்போது வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கோணிச்சாக்கு கக்கத்தில் அப்படியே இருந்தது.

பத்து நாள் கழித்து, வறுமையைச் சரிபார்க்க ஜீப் வரும் என்று தகவல் வந்தது. சட்டப்படி முதல் வகுப்புக் கடனாளியாக வேண்டுமென்றால் வீட்டில் பித்தளை இருக்கக் கூடாது, கடிகாரம் இருக்கக் கூடாது, முகம் முழுசாகத் தெரிகிற கண்ணாடி இருக்கக் கூடாது. இதைக் கேட்ட பழனாத்தாள் புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பித்தளைக் குடத்தையும், அண்டாவையும், பேரனுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசையும் மூட்டையாகக் கட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு தெருவில் நடந்தாள். பத்திரமாக வைத்திருந்து தருகிற ஒரே வீடு என்று அவளுக்குத் தோன்றிய வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"எங்க வெச்சே?" என்று ஆறுமுகசாமி கேட்டார்.

"செல்லாத்தாக்கா ஊட்டுல. வேற எங்க வெக்கறதுங்க?"

ஆபீசில் யார் பெயரை எழுதிக்கொடுத்தோம் என்று பெண்டாட்டியிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

ஜீப் வந்தது. ஸ்பெஷல் ஆபீசரும் அச்சுதனும் இறங்கினார்கள். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஆபீசர் அடுப்படிவரை போனார். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, "சோளக் களியா? நல்லது" என்றார். பழனாத்தாளின் சேலையில் இருந்த தையல்களை எண்ணச் சொன்னார். அச்சுதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏழு" என்று எழுதினார். எண்ணாமலே எழுதினார் என்பது அவர் செய்த ஒரே மரியாதை.

"வீட்டில் ஒன்றுமே இல்லை. மிகவும் திருப்தி" என்று ஆபீசர் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தப் பஞ்சாயத்தில் இதுவரை பார்த்ததிலேயே இதுதான் நல்ல வறுமை."

பழனாத்தாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஜீப் திரும்பிப் போகவில்லை. மூன்று வீடு தள்ளிப் போய் நின்றது. கடனாளியைச் சரிபார்த்த கையோடு வட்டிக்காரியையும் சரிபார்ப்பதுதான் முறை என்று அப்போதுதான் ஆறுமுகசாமிக்குத் தெரிந்தது. செல்லாத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசர் உள்ளே போய், வெளியே வரும்போது அச்சுதன் கையில் ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்தார்கள். இரண்டு பித்தளைக் குடம், ஒரு அண்டா, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. குடத்தின் கழுத்தில் பழனாத்தாளின் பெயர் வெட்டியிருந்தது.

"அடகு" என்றார் ஆபீசர். "ஏழையின் அடுப்படி ஏன் காலியாக இருந்தது என்று இப்போது புரிகிறதா? குழந்தையின் கொலுசைக்கூட விடவில்லை."

செல்லாத்தாள் ஆறுமுகசாமியைப் பார்த்தாள். அவர் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். வாயைத் திறந்து, 'அது நாங்க ஒளிச்சு வெச்சதுங்க' என்று சொன்னால் போதும். சொன்னால் தாமும் பழனாத்தாளும் சர்க்காரை ஏமாற்றியவர்கள் ஆவார்கள். நாலு வார்த்தைதான். அவர் அதை நாக்கில் வைத்துக்கொண்டே நின்றார். மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே ஆபீசுக்குப் போனார்.

"என்ற பேர எடுத்துப்போடுங்க" என்றார்.

"எடுக்கறதுக்கு ஃபாரம் வரலை" என்றார் அச்சுதன். "சேர்க்கறதுக்குத்தான் வந்திருக்கு."

"நான் அந்தப் பணத்தக் குடுத்தர்றனுங்க. எப்படியாவது குடுத்தர்றேன்."

அச்சுதன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படி இங்கே வந்து சொல்லாதீங்கோ. ரத்தான கடனைத் திருப்பிக் கொடுத்தா ஆறு மாசம் ஜெயில். வாங்கினா ஒரு வருஷம்."

பள்ளிக்கூட மைதானத்தில் கடன் விடுதலை விழா நடந்தது. வலது பக்கத்து பெஞ்சுகளில் நாற்பது கடனாளிகள், இடது பக்கத்து பெஞ்சில் ஐந்து வட்டிக்காரர்கள். பஞ்சாயத்துக்கு இவ்வளவு என்று மேலிடத்திலிருந்து எண்ணிக்கை வந்திருந்தது. கடனாளிகள் சுலபமாகக் கிடைத்துவிட்டார்கள். வட்டிக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வட்டிக்காரர் ஒருவர் உண்டு, அரிசி மில் குப்பண்ணன். ஆனால் மில் பெண்டாட்டி பேரிலும், நிலம் மச்சான் பேரிலும், வீடு இறந்துபோன அப்பன் பேரிலும் இருந்ததால், தமது பேரில் ஒன்றுமே இல்லாத குப்பண்ணன் கிழிந்த பனியனோடு வலது பக்கத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பந்தலும் மைக் செட்டும் அவர் உபயம்.

இடது பக்கத்தில், கைமாற்றுக் கொடுத்த ஒரு வாத்தியார், விதைக்கடலை கொடுத்த ஒரு கிழவர், மளிகைக்கடைக்காரர், காது கேளாத ஒருவர், கடைசியில் செல்லாத்தாள். காது கேளாதவர் தமக்குத்தான் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார்.

ஸ்பெஷல் ஆபீசர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, கடன்படுவது அவமானம் அல்ல. அந்த அவமானத்தை இன்று இந்த மேடையில் உங்கள் எல்லார் முன்னாலும் போக்கப் போகிறோம். பெயரைக் கூப்பிட்டதும் கடனாளி எழுந்து மேடைக்கு வந்து சபையைப் பார்த்து நிற்கவேண்டும். தலையைக் குனியக் கூடாது. குனிந்தால் போட்டோவில் முகம் விழாது. நான் இந்தத் தாலுக்காவில் பொறுப்பேற்றபோது பதிவான ஏழைகள் வெறும் பதினேழு பேர். இன்று ஆயிரத்து நானூறு பேர். ஐந்து மாதத்தில் ஏழைகளின் எண்ணிக்கையில் இத்தனை வளர்ச்சியை வேறு எந்தத் தாலுக்காவும் காட்டவில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். குப்பண்ணன் எழுந்து கும்பிட்டார்.

"ஆறுமுகசாமி, முதல் வகுப்புக் கடனாளி" என்று அச்சுதன் மைக்கில் கூப்பிட்டார். மைக் நன்றாக வேலை செய்தது, கடைவீதிவரை கேட்டிருக்கும். ஆறுமுகசாமி மேடையேறினார். கழுத்தில் மாலை விழுந்தது. ஒரு அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்தார்.

"நான் ஏழை. என் உழைப்பை" என்று அச்சடித்திருந்த இடத்துக்குப் பிறகு ஒரு கோடு விட்டு, கோட்டின்மேல் பெயரை மையால் எழுதியிருந்தார்கள். "செல்லாத்தாள் என்பவர் சுரண்டினார். இன்று நான் விடுதலை ஆனேன்."

தலையைக் குனியக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று. நேராக இருந்தது இடது பக்கத்து பெஞ்சு. செல்லாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தான் பெற்ற பிள்ளை சபையில் தவறாக ஏதோ பேசிவிட்டால் தாயின் முகம் எப்படிப் போகுமோ, அப்படி இருந்தது.

விடுதலைக்குப் பிறகு ஆறுமுகசாமியின் வீட்டில் நடந்தவை இவை. மளிகைக்கடையில் பற்று எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கொடுத்தால் தன்னை மறுபடியும் இடது பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்று கடைக்காரர் பயந்தார். விதைக்கடலை யாரும் தரவில்லை. கமலாத்தாளின் மாமியார், பாப்பராகிப்போன சம்பந்தி வீட்டுக்கு ஆடி நோன்புக்கு மருமகளை அனுப்ப முடியாது என்று ஆள் மூலம் சொல்லிவிட்டாள். பாப்பர் என்பது கோர்ட்டில் கையை விரித்தவனுக்கு மலையாளத்தில் உள்ள பெயர். மேட்டுப்பதியில் அது ஆறுமுகசாமிக்கு முன்னொட்டாகிவிட்டது.

சொசைட்டியிலிருந்து செக்ரட்டரியே வந்தார். "நீங்க முதல் வகுப்புக் கடனாளின்னு சர்க்காரே சர்டிபிகேட் குடுத்திருக்குதுங்க. அப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட எங்க பணத்த எப்படி வெச்சிருக்கறது? தவணையெல்லாம் ரத்துங்க. மொத்தமாக் கட்டோணும்" என்றார். கூடவே மாட்டு வண்டியும் வந்திருந்தது. ஆயில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றுவதற்கு ஒரு ஆள் குறைந்தது. ஆறுமுகசாமியே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்.

இதையெல்லாம்விட அவருக்குப் பெரிய பாடு, காட்டுக்குப் போவதாக இருந்தது. வழி செல்லாத்தாள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. அவர் ஊரைச் சுற்றிச் சுடுகாட்டுப் பக்கமாகப் போக ஆரம்பித்தார். விழாவுக்கு முன்பே விதைத்திருந்தது அறுவடைக்கு வந்தது. விளைந்த கொஞ்சத்தில் இரண்டு வள்ளம் கடலையை அளந்து தனியாக வைத்தார். கொண்டுபோனால் குற்றம். வீட்டில் வைத்திருந்தால் பார்க்கமுடியவில்லை. கடைசியில் பழனாத்தாள் அதை வறுத்துவிட்டாள். வறுத்ததை இரண்டு பேரும் தின்னவில்லை.

ஒரு நாள் காலையில் செல்லாத்தாளே வந்தாள். வாசலில் நின்று, "தம்பி" என்று கூப்பிட்டாள்.

ஆறுமுகசாமிக்குக் கொல்லைப்பக்கமாகப் போய்விடலாமா என்று இருந்தது. பழனாத்தாள் வழியில் நின்றாள். "போய்ப் பேசுங்க" என்றாள். விழாவிலிருந்து அன்றுவரை அவள் அவரிடம் பேசிய மூன்றாவது வாக்கியம் அது.

அவர் வெளியே வந்தார். "வாங்க்கா. உள்ள வாங்க."

"இருக்கட்டும். பால் ஊத்தப் போகோணும். ஒரு காயிதம் வந்திருக்குது. படிச்சுச் சொல்லு."

படித்தார். வட்டிக்காரர் பட்டியலில் உள்ள செல்லாத்தாள் என்பவரின் சுரண்டல் சொத்தாகிய எருமை ஒன்று, வரும் வெள்ளிக்கிழமை ஏலம் விடப்படும். அவர் படித்து முடித்த பிறகும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கிளார்க்குப் பையனப் போய்ப் பாத்தேன்" என்றாள் செல்லாத்தாள். "நல்ல பையன். ஒரு வழி சொன்னான். நானும் கடன்காரின்னு எழுதிக்குடுத்தா பேர எடுத்துருவாங்களாமா. ஆனா அஞ்சு பேருங்கறது கொறையப்படாதாம். என்ற எடத்துக்கு ஒரு வட்டிக்காரன் வேணுமாம்."

ஆறுமுகசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு நீ எண்ணூறு ரூவா குடுத்தீன்னு எழுதிக்குடுக்கறயா? உன்ற சொத்துல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையாமா. உனக்கு நட்டமில்லைன்னு அந்தப் பையனே சொன்னான். உனக்குக் கஷ்டம்னா வேண்டாம் தம்பி. எருமையத்தான கேக்கறாங்க."

"போலாமுங்க்கா" என்றார் அவர். சட்டையை எடுத்துப் போட்டபோது பொத்தான் மாறி விழுந்தது. திரும்பப் போட நேரமில்லை என்பதுபோல அப்படியே நடந்தார். அன்றைக்கு அவர் சுடுகாட்டு வழியாகப் போகவில்லை.

ஆபீசில் அச்சுதன் ஃபாரத்தைத் தயாராக வைத்திருந்தார். "வட்டி எத்தனை?"

"வட்டியில்லீங்க" என்றார் ஆறுமுகசாமி, பழக்க தோஷத்தில்.

"வட்டி இல்லாம கொடுத்தா அது கடன் இல்லை. உபகாரம். உபகாரம் இங்கே எடுக்காது."

"தெனமும் ஒரு சொம்பு மோருன்னு எழுதிக்கோ சாமி" என்றாள் செல்லாத்தாள்.

கோப்பு உள்ளே போனது. இரண்டு பேரும் கட்டாயம் மாட்டிக்கொள்வோம் என்றே ஆறுமுகசாமி நினைத்தார். தாமே மாலை போட்ட கடனாளியை ஆபீசருக்கு அடையாளம் தெரியாமலா போகும்? தெரிந்தது. ஆபீசர் கோப்போடு வெளியே வந்தார், ஆறுமுகசாமியை ஏற இறங்கப் பார்த்தார், தேதிகளை விரல்விட்டு எண்ணினார்.

"இவருக்கு நாம் சர்டிபிகேட் கொடுத்து எத்தனை நாள் ஆகிறது?"

"நாற்பத்தொன்பது சார்" என்றார் அச்சுதன், குனிந்த தலை நிமிராமல்.

"நாற்பத்தொன்பதே நாளில்" என்று ஆபீசர் சொன்னார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "சோளக் களி தின்றுகொண்டிருந்த மனிதர். சேலையில் ஏழு தையல். இன்று எண்ணூறு ரூபாய் கடன் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார். மோர் வட்டி வாங்குகிறார். சட்டம் வேலை செய்கிறதா என்று மேலே கேட்கிறார்கள் அல்லவா? அச்சுதா, இதை ஒரு தனி அறிக்கையாக எழுது. திருவனந்தபுரத்துக்கு அனுப்பவேண்டும்." பிறகு நினைவு வந்தவராய்க் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு ஆறுமுகசாமியிடம் சொன்னார்: "ஆனாலும் நீங்கள் செய்தது தவறு. ஒரு விதவையை இப்படிச் சுரண்டலாமா? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?"

"வேணுமுங்க" என்றார் ஆறுமுகசாமி.

அவர் அந்த ஆபீசில் சொன்ன பதில்களிலேயே அதுதான் மனதாரச் சொன்னது. ஆபீசர் அதைத் திருந்திய அறிகுறியாக எடுத்துக்கொண்டார். எருமை ஏலம் ரத்தாயிற்று. செல்லாத்தாளுக்கு இரண்டாம் வகுப்புக் கடனாளி என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். முதல் வகுப்புக்கு எருமை இடித்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. செல்லாத்தாள் சர்டிபிகேட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏந்தம்பி, இப்ப நான் உனக்கு எவ்வளவு குடுக்கோணும்?"

"எண்ணூறுங்க்கா. காயிதப்படிக்கு."

"நீ எனக்கு?"

"எண்ணூறுங்க."

"அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோச்சாட்ட இருக்குது." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னாளோ, அலுத்துப்போய்ச் சொன்னாளோ.

இல்லீங்க்கா என்று அவர் உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னார். ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் ஒரு மூச்சு நேரம் போயிற்று. அந்த ஒரு மூச்சில் போன எஞ்சினும், வராத விதைக்கடலையும், எண்ணூறு கொடுக்கவேண்டாத ஒரு தை மாதமும் அவர் மனசில் வந்துவிட்டுப் போயின. அதற்குள் செல்லாத்தாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இல்லீங்க்கா. அது கழியாதுங்க. தை மாசம் குடுத்தர்றேன்."

"செரி" என்றாள். "கையில வந்தாக் குடு."

பஸ் வந்தது. கூட்டமே இல்லை. செல்லாத்தாள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, ஒதுங்கி இடம் விட்டாள். ஆறுமுகசாமி பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடமிருக்குதே. உக்காரு தம்பி."

"இருக்கட்டுங்க்கா" என்றார்.

கண்டக்டர் வந்து, அவ்வளவு சீட் காலியாகக் கிடக்கும்போது ஏன் வழியில் நிற்கிறீர் என்று கேட்டான். அவர் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார். மேட்டுப்பதிவரைக்கும் ஒன்பது மைல், நின்றுகொண்டே வந்தார்.